எலிக்கு வந்தால் நமக்கென்ன?

"எலிக்குப் புற்றுநோய் வந்ததாம்" என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நம்மில் பலர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். வரப்பைக் குடைந்து, கதிரை அறுத்து, பத்தாயத்தில் புகுந்து நாசம் செய்கிற எலிக்கு எது வந்தால் நமக்கென்ன என்று தோன்றுவது இயல்புதான். எலிக்கு மருந்து வைப்பதே நாம்தானே! அதற்காக யார் கவலைப்படுவது?

ஆனால் எலியின் மூக்கு சொன்ன ஒரு சேதியைக் காலத்தில் கேட்காமல் போனதால் நமது விவசாயிகள் பல ஆண்டுகள் ஒரு நச்சு ஆவியைச் சுவாசித்து வந்தார்கள். அதை விளங்கிக்கொள்ள, வயலிலிருந்து சற்று விலகி ராக்கெட் தளம் வரை போய்வர வேண்டும். விவசாயப் பகுதியில் ராக்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது.

ராக்கெட் எரிபொருள்

ராக்கெட்டுகளில் பயன்படும் திரவ எரிபொருள்களில் ஹைட்ரசீன் என்பது ஒரு வகை. அதன் நெருங்கிய உறவு டைமெத்தில் ஹைட்ரசீன். இவற்றைச் சாதாரண வெப்பத்திலேயே தொட்டியில் நெடுநாள் வைத்திருக்கலாம். நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற இன்னொரு திரவத்துடன் கலந்த மாத்திரத்தில், தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இந்த வசதிக்காகத்தான் பல நாடுகளும் இதை விரும்பின. பெரிய அனல் மின் நிலையங்களில் கொதிகலன் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை நீக்கவும் ஹைட்ரசீன் பயன்பட்டிருக்கிறது.

பார்ப்பதற்குத் தண்ணீர் போல நிறமற்றது. வாடை, மூத்திரம் தேங்கிய தொழுவத்தில் காலையில் அடிக்குமே, அந்த அம்மோனியா நெடியைப் போன்றது. திறந்து வைத்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். தொட்டியில் நிரப்புகிறவர்கள், குழாய் பொருத்துகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் ஆகியோர் இந்த ஆவியைச் சிறிது சிறிதாகச் சுவாசிக்க நேர்ந்தால் நாளடைவில் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது.

அமெரிக்க விமானப் படை ஓஹியோ மாநிலத்தில் உள்ள ரைட்-பேட்டர்சன் தளத்தில் இதைச் சோதித்துப் பார்த்தது. எலி, சுண்டெலி, ஹாம்ஸ்டர் எனும் எலி இனம், நாய் ஆகிய நான்கு பிராணிகளைக் கூடங்களில் அடைத்து, அளந்து கலந்த ஹைட்ரசீன் ஆவியைச் சுவாசிக்க விட்டார்கள். நாளைக்கு 6 மணி நேரம், வாரத்திற்கு 5 நாள், ஓராண்டு காலம். ஏறக்குறைய ஒரு தொழிலாளியின் வேலை நேரம்தான்.

அளவு எவ்வளவு தெரியுமா? அதிகபட்சமே பத்து லட்சத்தில் 5 பங்குதான். பத்து லட்சம் படி காற்றில் 5 படி ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கூடங்களில் 1 பங்கு, கால் பங்கு, அதற்கும் குறைவு என்று வைத்தார்கள். ஆவியே இல்லாத காற்றைச் சுவாசித்த பிராணிகளையும் ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள்.

ஓராண்டு முடிந்ததும் சோதனையை முடித்துவிடவில்லை. எலிகளை மேலும் 18 மாதங்களும், நாய்களை மேலும் 38 மாதங்களும் நல்ல காற்றில் வளர்த்துக் கவனித்தார்கள். புற்றுநோய் இன்று விதைத்து நாளை முளைப்பதல்ல. நெடுநாள் மண்ணில் உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் கோரைக் கிழங்கு போன்றது. உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எலியின் மூக்கு சொன்னது

1985ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. 5 பங்கு ஆவியைச் சுவாசித்த ஆண் எலிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மூக்கினுள் கட்டிகள் தோன்றியிருந்தன. பெண் எலிகளுக்கும் வந்திருந்தன, எண்ணிக்கை குறைவு. ஹாம்ஸ்டர்களிலும் சிலவற்றுக்கு மூக்கில் கட்டி கண்டது. 1 பங்கு ஆவியைச் சுவாசித்த எலிகளிலும் சிலவற்றுக்கு வந்தது. அதற்கும் குறைந்த அளவுகளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. நாய்களுக்குக் கட்டி வந்ததாகக் கணக்கில் நிற்கவில்லை. நாய்களின் எண்ணிக்கை குறைவு. அவற்றின் ஆயுளும் நீண்டது.

எலிகளுக்கு வந்த கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவான கட்டிகள். உயிரைக் குடிக்கும் வகை சிலவே. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஏன் மூக்கில் வந்தது? எலி வாயால் மூச்சு விடுவதில்லை, மூக்கால் மட்டுமே. ஹைட்ரசீன் ஆவி ஈரத்தில் உடனே கரைவது. ஆகவே மூச்சுப் பாதையில் முதலில் எதிர்ப்படும் ஈரமான தோலை அது தாக்குகிறது. தோல் புண்ணாகிறது, ஆறுகிறது, மீண்டும் புண்ணாகிறது. இப்படி ஓயாமல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கும் இடத்தில் என்றோ ஒரு நாள் தவறான செல் ஒன்று பிறந்து பெருகத் தொடங்குகிறது. வண்டி மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து உராய்ந்து காய்ப்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மனிதரைப் பற்றிய கணக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. இங்கிலாந்தில் ஹைட்ரசீன் தயாரித்த ஓர் ஆலையில் வேலை செய்த 427 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்த தொழிலாளர்களை ஆராய்ந்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த வேறொரு ஆய்வு அப்படி இல்லை என்றது. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஹைட்ரசீனை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று பெரிதும் நம்பத்தக்கது" என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. டைமெத்தில் ஹைட்ரசீன் அதற்கு ஒரு படி கீழே உள்ள வகுப்பில் இருக்கிறது.

வாடையை நம்பாதீர்கள்

இங்கே விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, வேலை செய்யும் இடத்துக் காற்றில் ஹைட்ரசீன் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று பரிந்துரை செய்துள்ளது. மனித மூக்குக்கு அதன் வாடை தெரியத் தொடங்குவதோ சுமார் 3 அல்லது 4 பங்கு இருக்கும்போதுதான். அதாவது மூக்குக்கு வாடை எட்டுவதற்குள் ஆவி எல்லையை 300 மடங்கு தாண்டியிருக்கும்!

ஆகவேதான் ராக்கெட்டில் இந்த எரிபொருளை நிரப்புகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடையை அணிந்து, வெளிக்காற்றைச் சுவாசிக்காமல், தனியே கொடுக்கப்படும் காற்றைச் சுவாசித்து வேலை செய்கிறார்கள். நமது விவசாயி என்ன செய்கிறார்? பூச்சிமருந்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "வாடை சரியாக இல்லை, மருந்து வீரியம் குறைவு போலிருக்கிறது" என்கிறார். வாடை பலமாக இருந்தால் நல்ல மருந்து என்றும், வாடை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றும் நினைப்பது இரண்டுமே தவறு.

இரண்டாவது தவறு முக்கோணத்தை நம்புவது. மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணக் குறி போட்டிருக்கிறார்கள். அது உட்கொண்டாலோ உடம்பில் பட்டாலோ உடனடியாக உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மட்டும் காட்டுவது. இருபது ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சுவாசித்தால் என்ன வரும் என்பதை அந்த நிறம் சொல்லாது. பச்சை முக்கோணம் என்றால் பயமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

பத்தாயத்தில் இருந்த குப்பி

இப்போது நம் வீட்டுப் பத்தாயத்துக்கு வருவோம். ஈ.டி.பி. என்று ஒரு மருந்து இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எத்திலீன் டைபுரோமைடு என்பது முழுப் பெயர். சிறு கண்ணாடிக் குப்பியில் வரும். குப்பியை உடைத்துத் தானியத்துக்குள் செருகி மூடி வைத்தால், ஆவி பரவி வண்டும் அந்துப்பூச்சியும் சாகும். வீட்டுக்குள்ளேயே, படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இதைச் செய்தார்கள்.

இந்த ஈ.டி.பி. ஆவியையும் அமெரிக்காவில் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு 6 மணி நேரம், வாரத்திற்கு 5 நாள், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரை. 1982ல் முடிவு வெளியானது. எலிகளின் மூக்கில் புற்றுநோய்! ஹைட்ரசீனில் கண்டது பெரும்பாலும் சாதுவான கட்டி என்றோமே, இங்கே கண்டது கொடிய வகையாகவும் இருந்தது.

அமெரிக்கா 1983ல் மண்ணுக்கு இடும் ஈ.டி.பி.யையும் 1984ல் தானியத்துக்கு இடுவதையும் நிறுத்தியது. இந்தியாவில் ஈ.டி.பி. தடை செய்யப்பட்ட ஆண்டு 2001. எலியின் மூக்கு எச்சரித்ததற்கும் நம் நாட்டில் சட்டம் வந்ததற்கும் நடுவே 19 ஆண்டுகள். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் குப்பியை உடைத்தவர்கள் எலிகள் அல்ல. நம் வீட்டுப் பெரியவர்களும் பெண்மணிகளும்தான். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தமிழில் சொல்லப்பட்டது?

"எலிக்கு வந்தால் நமக்கென்ன" என்ற எண்ணத்தின் விலை இதுதான். மனிதர்களிடம் நிரூபணமாகட்டும் என்று காத்திருப்பது, பயிர் முழுதும் கருகிய பிறகு நோய் இன்னது என்று முடிவு சொல்வதைப் போன்றது.

ஆப்பிள் தோட்டக்காரர்களின் அனுபவம்

ஆனால் எலிச் செய்தியைக் கேட்டுக் கலவரப்படுவதும் சரியல்ல. இதற்கும் ராக்கெட் எரிபொருளே உதாரணம் தருகிறது.

அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் ஆலார் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தைத் தெளித்து வந்தார்கள். பழம் முன்கூட்டி உதிராது, நிறம் நன்றாக ஏறும், வைத்து விற்கலாம். அந்தப் பழத்தைக் காய்ச்சிச் சாறும் கூழும் செய்யும்போது மருந்து சிதைந்து டைமெத்தில் ஹைட்ரசீன் உண்டாயிற்று. ராக்கெட்டில் எரிகிற அதே பொருள்தான். 1970களில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளுக்கு இதைத் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது கட்டிகள் வந்தன. கொடுத்த அளவு மிக அதிகம், சோதனை போதாது என்று 1985ல் அரசின் ஆலோசனைக் குழு சொன்னது. பிரச்சினை முடிவு செய்யப்படாமல் இழுத்துக்கொண்டே போயிற்று.

1989 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் இது பெரிய செய்தியாக வந்தது. தாய்மார்கள் பயந்தார்கள். பள்ளிக்கூடங்களில் ஆப்பிள் கொடுப்பதை நிறுத்தினார்கள். விலை சரிந்தது. மருந்தைத் தெளித்தவர், தெளிக்காதவர் என்ற வேற்றுமை இல்லாமல் எல்லாத் தோட்டக்காரர்களும் நஷ்டப்பட்டார்கள். வாஷிங்டன் மாநிலத் தோட்டக்காரர்கள் தொலைக்காட்சி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. அதே ஆண்டில் கம்பெனி உணவுப் பயிர்களுக்கான ஆலார் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

சந்தேகத்தை உரிய காலத்தில் தீர்க்காமல் அதிகாரிகளும் கம்பெனியும் நாளைக் கடத்தினால், கடைசியில் சுமை விவசாயியின் தலையில்தான் விடியும். இதுவே அந்த அனுபவம் தரும் பாடம்.

சைகா மான்கள் செத்த கதை

இன்னொரு சம்பவம் கஜகஸ்தானில் நடந்தது. அங்குள்ள பைகோனூர் தளத்திலிருந்து ரஷ்யா புரோட்டான் ராக்கெட்டுகளை ஏவி வந்தது. அதன் எரிபொருளும் டைமெத்தில் ஹைட்ரசீன்தான்; அங்கே ஹெப்டில் என்பார்கள். ஆடும் குதிரையும் மேய்க்கிற புல்வெளியில்தான் ராக்கெட்டின் காலியான அடுக்குகள் விழும். 1999ல் இரண்டு முறையும், 2007ல் ஒரு முறையும், 2013ல் ஒரு முறையும் ராக்கெட்டே கெட்டு விழுந்தது. 2013 ஜூலையில் விழுந்தபோது அதில் சுமார் 600 டன் எரிபொருள் இருந்தது. மேய்ச்சல்காரர்களுக்கு அச்சம் வந்ததில் வியப்பில்லை.

2015 மே மாதத்தில் அந்த நாட்டுப் புல்வெளிகளில் சைகா என்ற மான் இனம் மூன்றே வாரத்தில் 2 லட்சத்துக்கு மேல் செத்து விழுந்தது. உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கு மேல் போயிற்று. ராக்கெட் நஞ்சுதான் காரணம் என்று பலரும் சொன்னார்கள். ஆராய்ந்து பார்த்ததில் காரணம் வேறாக இருந்தது. நம் கால்நடைகளுக்கு மழைக்காலத்தில் வருமே தொண்டை அடைப்பான், அதே நோய்தான்! மான்களின் தொண்டையில் சாதுவாகக் குடியிருந்த கிருமி, அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறான வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது வெறி கொண்டு பெருகியிருக்கிறது.

எரிபொருளை மட்டும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தால் உண்மையான நோய் மறைந்தே போயிருக்கும். மாடு செத்தால் பக்கத்துத் தொழிற்சாலையைத் திட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். பரிசோதனைத் தாள் கையில் இருந்தால்தான் நியாயம் கேட்கவும் முடியும்.

நமது பக்கம்

நம் மாநிலத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் திரவ எரிபொருள் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. நமது ராக்கெட்டுகளில் உள்ள விகாஸ் எஞ்சின் டைமெத்தில் ஹைட்ரசீன் கலந்த எரிபொருளில் ஓடுவது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ஏவ உத்தேசித்துள்ள சிறிய ராக்கெட்டின் மூன்று அடுக்குகளும் திட எரிபொருளால் ஆனவை. உச்சியில் உள்ள சிறு பகுதியில் மட்டுமே ஹைட்ரசீன் இனத்து எரிபொருள். ஆகவே கஜகஸ்தானில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று பயமுறுத்துவது முறையல்ல.

நாடு ராக்கெட் விடுவதில் நமக்குப் பெருமைதான். மழை வருமா, புயல் வருமா என்று வானிலிருந்து பார்த்துச் சொல்வதும் அதனால்தான். ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு. இத்தகைய தளங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் காற்றையும் கிணற்று நீரையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அளந்து, முடிவைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. நல்ல முடிவாக இருந்தால் வதந்தி அடங்கும். கெட்ட முடிவாக இருந்தால் ஆரம்பத்திலேயே தெரியும். இரண்டு வகையிலும் லாபமே. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் கொண்டு ஓடும் எஞ்சினை நம் விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள். அந்த வேலை விரைவாக முடிந்தால் ஹைட்ரசீன் தேவை குறையும், அது வரவேற்கத்தக்கது.

நாம் செய்ய வேண்டியவை

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். நம் மூச்சு நம் கையில் இருக்கிறது. மருந்தை வீட்டுக்குள் கலக்காதீர்கள். வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று கலக்குங்கள். காற்றுக்கு எதிராக நடந்து தெளிக்காதீர்கள். முகத்தில் கட்டும் துண்டு, துளியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. சாதாரணத் தூசி முகமூடியும் அப்படியே. ஆவியைத் தடுக்க மரக்கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடிதான் வேண்டும். அது விலை கூடியது என்பதை அறிவேன். நான்கைந்து பேர் சேர்ந்து கூட்டுறவு சங்கத்தின் மூலம் வாங்கலாம். ஆனால் முகமூடியை மட்டும் பொதுவாக்கினால் போதாது. ஒவ்வொருவருக்கும் தனி வடிகட்டி இருக்க வேண்டும்.

தெளித்த வயலின் வரப்பில் ஆடு மாடுகளை அன்றைக்கே மேய விடாதீர்கள். தானியத்துக்கு ஆவி மருந்து வைத்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. பயிற்சி பெற்றவரைக் கொண்டே அந்த வேலையைச் செய்ய வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான நெல்லையும் பயறையும் நன்றாகக் காய வைத்து, வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு வைக்கும் பழைய வழக்கத்தில் வண்டு முழுவதும் போகாவிட்டாலும் மூக்குக்குத் தீங்கு இல்லை.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மருந்தைப் பிராணிகளில் நெடுநாள் சோதித்ததில் என்ன கண்டார்கள் என்பதை, டப்பாவின் மேல், நம் கண்ணுக்குத் தெரியும் அளவு எழுத்தில், தமிழில் அச்சிடச் சட்டம் செய்ய வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு வாங்குவதும் வாங்காததும் விவசாயியின் விருப்பம்.

எலி நமக்கு எதிரிதான். மறுக்கவில்லை. ஆனால் நம்மைப் போலவே அதுவும் மூச்சு விடுகிற ஜீவன். அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு என்பதால், நமக்கு முப்பது ஆண்டுகளில் தெரிய வேண்டியதை அது முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அடுத்த முறை "எலிக்குப் புற்றுநோய்" என்று செய்தி வந்தால், பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள்? அந்தப் பொருள் நம் வீட்டில் இருக்கிறதா?